காடும் மழையும் கணக்கும்: ஹுத்தான் மெலிந்தாங்கின் நிலவரலாறும் தாவர – வளிமண்டல மாதிரிகளின் இணைப்பும்

முன்னுரை

பேரா மாநிலத்தின் தென்மேற்கில், பெர்னாம் ஆற்றின் வடகரையில் அமைந்துள்ள சிற்றூர் ஹுத்தான் மெலிந்தாங். மலாய்மொழியில் ‘ஹுத்தான்’ என்பது காடு. ‘மெலிந்தாங்’ என்பது குறுக்காகக் கிடத்தல். குறுக்கே கிடக்கும் காடு என்று பொருள்படும் இப்பெயர் இன்றும் வழங்குகின்றது. பெயருக்குரிய காடுதான் இல்லை. 2017ஆம் ஆண்டு முதல் பாகான் டத்தோ மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூரைச் சுற்றிலும் செம்பனையும் தென்னையுமே கண்ணுக்கெட்டிய தொலைவு வரை காணப்படுகின்றன. ஓர் ஊர்ப்பெயரில் எஞ்சி நிற்கும் காட்டிற்கும், அதன்மேல் பெய்த மழைக்கும் இடையே இருந்த உறவு என்ன? காடு போனபின் அவ்வுறவு என்னவாயிற்று?

இவ்வினா புதியதன்று. ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு மேலாக மலாயாவிலும் சென்னை மாகாணத்திலும் எழுப்பப்பட்டு வந்த வினாவே இது. அதற்கு விடை காணும் கருவிகளுள் ஒன்றாக இன்று விளங்குவது, தாவரப் போர்வையைக் கணிக்கும் மாதிரிகளை வளிமண்டலக் காலநிலை மாதிரிகளோடு இணைக்கும் முறையாகும். அவ்விணைப்பு எவ்வாறு படிப்படியாக உருவாயிற்று என்பதையும், ஹுத்தான் மெலிந்தாங் போன்றதொரு தோட்டப்புறத்தின் வரலாறு அக்கணக்கில் எவ்விடத்தைப் பெறுகின்றது என்பதையும் இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

நிலமும் பொழுதும்

தமிழ் மாணவர்க்கு நிலத்தையும் பருவத்தையும் இணைத்துக் காண்பது புதிய பழக்கமன்று. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் ஒருங்கே முதற்பொருள் என வகுத்தது. மரம், விலங்கு, பறவை, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என அவற்றின்பின் வைத்தது. குறிஞ்சிக்கு ஒரு பெரும்பொழுது, முல்லைக்கு வேறொன்று என நிலமும் காலமும் பிரியாது நின்றன.

இதனைக் கொண்டு இக்கால அறிவியலை முன்னரே நம் முன்னோர் அறிந்திருந்தனர் என உரிமை கொண்டாடுதல் பொருந்தாது. திணைப் பகுப்பு கவிதைக்குரிய இலக்கணம். காலநிலை மாதிரியோ இயற்பியல் சமன்பாடுகளின் தொகுதி. எனினும் ஒரு வேறுபாட்டை உணர்தல் பயன்தரும். திணைப் பகுப்பில் நிலமும் பொழுதும் அருகருகே வைக்கப்பட்டுள்ளன. நிலத்தின் மரம் மாறினால் பொழுது மாறுமா என்னும் வினாவே இணைப்பு மாதிரியின் வினாவாகும். இவ்வினா பெருந்தோட்டங்களுக்காகக் காடுகள் பேரளவில் அழிக்கப்பட்ட காலனித்துவக் காலத்தில் வலிமை பெற்றது.

காலனித்துவக் காலத்து விவாதம்

பினாங்குத் தீவில் குன்றுகளின்மேல் இருந்த காடுகள் பயிர்த்தொழிலுக்காக வெட்டப்பட்டு வந்ததைக் கண்ட ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன், 1848ஆம் ஆண்டில், தாம் நடத்திய இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். குன்றுக் காடுகள் தொடர்ந்து அழிக்கப்பட்டால் தீவின் தட்பவெப்பம் கெடும் என்பது அவர் வாதம். தனியொருவருக்குரிய நிலத்தில் உள்ள மரமாயினும், அதனால் காக்கப்படும் காலநிலை ஊரார் அனைவர்க்கும் உரியது. ஆதலின் அரசு தலையிட வேண்டும் என்னும் கருத்து அதில் அடங்கியிருந்தது.

ஏறத்தாழ அதே காலத்தில் சென்னையில் படை மருத்துவராகப் பணியாற்றிய எட்வர்ட் பால்ஃபர், மரங்கள் மழையை ஈர்ப்பதிலும் ஈரத்தைக் காப்பதிலும் ஆற்றும் பங்கினைப் பற்றிய செய்திகளைத் திரட்டி 1849இல் வெளியிட்டார். பின்னர் 1851இல் சென்னை அருங்காட்சியகம் தோன்றக் காரணமாக இருந்தவரும் இவரே. அதே 1851இல் இப்ஸ்விச்சில் கூடிய பிரித்தானிய அறிவியல் சங்கத்திற்கு, வெப்பமண்டலக் காடழிவின் விளைவுகள் பற்றிய அறிக்கையை ஒரு குழு அளித்தது. அக்குழுவில் இடம்பெற்றிருந்த ஹியூ கிளெக்ஹார்ன், 1856இல் சென்னை மாகாணக் காட்டுத்துறையின் பொறுப்பை ஏற்றார். இந்திய வானிலைத் துறையின் முதல் தலைவராக 1875இல் அமர்ந்த ஹென்றி பிளான்ஃபோர்டு, மத்திய மாகாணங்களின் மழை அளவுகளைக் கொண்டு காடு மழையைப் பெருக்குகின்றதா என 1887இல் ஆராய்ந்தார்.

இவ்விவாதத்தில் இரண்டு குறைகள் இருந்தன. ஒன்று, காடு இருந்த ஆண்டுகளையும் இல்லாத ஆண்டுகளையும் ஒப்பிடும்போது, மழை தானாகவே ஆண்டுக்காண்டு ஏறியிறங்கும் இயல்பைப் பிரித்தறிய இயலவில்லை. மற்றொன்று, காடு எவ்வழியாக மழையைப் பாதிக்கின்றது என்பதை அளவிட்டுக் கூறும் இயற்பியல் அப்போது இல்லை. மேலும், காடழிவைப் பற்றிய கவலை பலவிடங்களில் மலைவாழ் மக்களின் பெயர்வுப் பயிர்முறையைக் குற்றஞ்சாட்டுவதற்கும் பயன்பட்டது. பெருந்தோட்டங்களின் விரிவை அது தடுத்து நிறுத்தவில்லை.

பெர்னாம் கரையில் நிகழ்ந்த மாற்றம்

பெருந்தோட்ட விரிவின் வேகத்தைப் பேராவில் தெளிவாகக் காணலாம். 1877இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த 22 இரப்பர் நாற்றுகளுள் ஒன்பது பேராவின் கோலகங்சாரில் நடப்பட்டன. முப்பதாண்டுகளுக்குள் மலாயாவின் மேற்குக் கரையெங்கும் இரப்பர் பரவிற்று. கடலோரக் களிமண்ணும் பீட் எனப்படும் தாவர மட்கு மண்ணும் கலந்து கிடந்த பெர்னாம் தாழ்நிலமும் அதற்கு விலக்காகவில்லை. டென்மார்க்கைச் சேர்ந்த பொறியாளர் ஆகே வெஸ்டன்ஹோல்ஸ் 1906இல் ஜெண்டராட்டா இரப்பர் நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னாளில் யுனைடெட் பிளாண்டேஷன்ஸ் என வளர்ந்த அந்நிறுவனத்தின் தோட்டம் ஹுத்தான் மெலிந்தாங் வட்டாரத்தின் அடையாளங்களுள் ஒன்றாக இன்றும் உள்ளது. 1917இல் சிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் ஆன்றி ஃபோக்கோனியே செம்பனையை வணிகப் பயிராக நட்டபின், அப்பயிரும் பெர்னாம் பள்ளத்தாக்கிற்கு வந்து சேர்ந்தது.

இம்மாற்றத்தைச் செய்த கைகள் எவருடையவை? சதுப்பில் வாய்க்கால் வெட்டி நீரை வடித்து, மரத்தைச் சாய்த்து, எரித்து, நிரை பிடித்து நட்டவர்கள் தமிழ்நாட்டிலிருந்து கங்காணி முறையாலும், 1907இல் அமைக்கப்பட்ட தமிழர் குடிநுழைவு நிதியின் வாயிலாகவும் கொண்டுவரப்பட்ட தொழிலாளரும், அவர்களோடு சீனரும் சாவகரும் பஞ்சாரியரும் ஆவர். 1938இல் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தும்வரை இவ்வரவு தொடர்ந்தது. ஆகவே ஹுத்தான் மெலிந்தாங்கின் தாவரப் போர்வை இயற்கையாக மாறியதன்று. கூலிக்கு உழைத்த மக்களால், உலகச் சந்தையின் விலைக்கேற்ப, மாற்றப்பட்டதாகும்.

தோட்டத் தொழிலாளர்க்கு மழை என்பது அன்றாடக் கூலியைத் தீர்மானிப்பது. பட்டை நனைந்திருந்தால் பால்மரம் சீவ இயலாது. சீவினாலும் மழைநீர் பாலைக் கரைத்துச் சென்றுவிடும். விடியற்காலைப் பெரட்டில் நின்று வானத்தைப் பார்த்தவர்கள் அவர்கள். ஆண்டின் தொடக்கத்தில் இரப்பர் மரம் இலையுதிர்க்கும் என்பதையும், அப்போது பால் குறையும் என்பதையும், நிழலற்ற தோட்டத்தில் வெம்மை ஏறும் என்பதையும் அவர்கள் உடலால் அறிந்திருந்தனர். தாவரத்திற்கும் காற்றுக்கும் உள்ள உறவை அறிவியல் தன் சமன்பாடுகளில் சேர்த்துக்கொள்ள நெடுங்காலம் பிடித்தது என்பதை இனிக் காண்போம்.

வாளியிலிருந்து இலைத்துளை வரை

எண்ணியல் முறையில் வானிலையைக் கணிக்க முதன்முதலில் விரிவாக முயன்றவர் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன். 1922இல் அவர் வெளியிட்ட நூலிலேயே, தாவரங்கள் மண்ணின் நீரை இலைத்துளைகள் வழியாகக் காற்றுக்கு அனுப்புவதைக் கணக்கில் கொள்ள வேண்டும் என்னும் உணர்வு காணப்படுகின்றது. ஆனால் கையால் செய்த அவர் கணக்கு வெற்றி பெறவில்லை. கணிப்பொறி வந்தபின்னும், வளிமண்டலத்தின் இயக்கத்தைச் சரியாகக் கணிப்பதே முதற்பணியாக இருந்தமையால் நிலம் புறக்கணிக்கப்பட்டது.

1969இல் சியுக்குரோ மனாபே தம் மாதிரியில் நிலத்தை ஒரு வாளியாக உருவகித்தார். எல்லா நிலமும் 15 சென்டிமீட்டர் அளவு நீரைக் கொள்ளும், மழை பெய்தால் வாளி நிரம்பும், மிகுந்தது வழிந்தோடும், எஞ்சியது ஆவியாகும். தஞ்சை வயலும் சகாராவும் பெர்னாம் சதுப்பும் அக்கணக்கில் ஒரே வாளிதான். இவ்வெளிய உருவகம் அக்காலத்திற்குப் பெரும் முன்னேற்றமே ஆகும். காலநிலை மாதிரிகளை உருவாக்கிய பணிக்காக 2021இல் மனாபே இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

1975இல் ஜூல் சார்னி, ஆப்பிரிக்காவின் சாஹெல் பகுதி வறட்சியை ஆராய்ந்து, தாவரம் அழிந்து வெண்மணல் வெளிப்பட்டால் நிலம் சூரிய ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்பும் என்றும், அதனால் மேலெழும் காற்று தளர்ந்து மழை மேலும் குறையும் என்றும் காட்டினார். அவர் கணக்கில் நிலத்தின் ஒளி திருப்பும் திறன் 14 விழுக்காட்டிலிருந்து 35 விழுக்காட்டிற்கு உயர்த்தப்பட்டது. தாவரம் காலநிலையால் ஆளப்படுவது மட்டுமன்று; காலநிலையை ஆளவும் வல்லது என்பது இதனால் வலியுறுத்தப்பட்டது.

1986ஆம் ஆண்டு ஒரு திருப்பமாகும். ராபர்ட் டிக்கின்சன் குழுவினரும் பியர்ஸ் செல்லர்ஸ் குழுவினரும் தனித்தனியே, இலை, வேர், மண் ஆகியவற்றைக் கொண்ட நிலப்பரப்புத் திட்டங்களை வெளியிட்டனர். இவற்றில் தாவரம் மூன்று வழிகளில் வளிமண்டலத்தோடு உறவாடுகின்றது. முதலாவது ஒளி: கரும்பச்சைக் காடு ஒளியை மிகுதியாக உட்கொள்ளும். இரண்டாவது நீர்: ஆழ்ந்த வேர் உறிஞ்சும் நீரை இலைத்துளை ஆவியாக வெளியிடும்; அதனால் நிலம் குளிரும், காற்று ஈரமுறும். மூன்றாவது உராய்வு: உயர்ந்த மரங்களின் மேடுபள்ளமான மேற்பரப்பு காற்றைக் கலக்கி மேலெழச் செய்யும். காடு புல்வெளியானால் இம்மூன்றும் ஒருங்கே மாறும்.

இத்திட்டங்களைக் கொண்டு நிகழ்த்தப்பட்ட ஆய்வுகளுள் பெரிதும் பேசப்பட்டது, இந்தியாவில் பிறந்த ஜகதீஷ் சுக்லா, கார்லோஸ் நோப்ரே, செல்லர்ஸ் ஆகியோர் 1990இல் வெளியிட்டதாகும். அமேசான் காடு முழுவதும் மேய்ச்சல் நிலமானால் அங்கு மழை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறையும் என அவர்தம் கணக்குக் கூறிற்று. லோகனும் பால்ஃபரும் எழுப்பிய வினாவிற்கு, குறை நிறைகளோடு கூடிய முதல் இயற்பியல் விடைகளுள் ஒன்று இது எனலாம்.

உயிருள்ள தாவரத்தை இணைத்தல்

எனினும் இம்மாதிரிகளில் ஒரு பெருங்குறை இருந்தது. காடு எங்கே, புல் எங்கே என்பதை ஆய்வாளரே வரைபடத்தில் நிலையாக வரைந்து வைத்தனர். காலநிலை எவ்வளவு மாறினும் அக்காடு வாடாது, பெயராது, வளராது. இதனைக் களைய எடுத்த முயற்சியே தாவர மாதிரியை வளிமண்டல மாதிரியோடு இணைக்கும் முயற்சியாகும்.

தொடக்கத்தில் இவ்விணைப்பு இடைவிட்டு நிகழ்ந்தது. காலநிலை மாதிரியைச் சில ஆண்டுகள் ஓட்டி, கிடைத்த வெப்பத்தையும் மழையையும் தாவர மாதிரியிடம் அளிப்பர். இக்காலநிலையில் எவ்வகைத் தாவரம் நிலைக்கும் என அது கூறும். அத்தாவரத்தை மீண்டும் காலநிலை மாதிரியில் இட்டு ஓட்டுவர். இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தும்வரை இது தொடரும். 1994இல் மார்ட்டின் கிளாசன் இம்முறையை விளக்கினார். இதனைக் கையாண்டு அவர் 1997இல் வெளியிட்ட ஆய்வு, 6,000 ஆண்டுகளுக்கு முன் சகாராவின் பெரும்பகுதி பசுமையாக இருந்ததற்குத் தாவரமே ஒரு துணைக்காரணம் எனக் காட்டிற்று.

அடுத்த படி, இரண்டும் ஒரே கணக்கில் ஒருங்கே ஓடுவது. ஜோனதன் ஃபோலி குழுவினர் 1996இல் உருவாக்கிய தாவர மாதிரியை 1998இல் வளிமண்டல மாதிரியோடு நேரடியாகப் பிணைத்தனர். அதில் இலையின் ஒளிச்சேர்க்கை, இலைத்துளையின் திறப்பு, நீர் ஆவியாதல், மரத்தின் வளர்ச்சி, இனங்களிடையே போட்டி ஆகிய அனைத்தும் ஒரே சட்டகத்துள் வந்தன. இலைத்துளை இங்கு முதன்மை பெறுகின்றது. கரியமிலவாயு உள்ளே செல்லும் வாயிலும் நீராவி வெளியேறும் வாயிலும் அதுவே ஆதலின், கரிமக் கணக்கையும் நீர்க் கணக்கையும் அது ஒன்றாக்குகின்றது.

2000ஆம் ஆண்டில் பீட்டர் காக்ஸ் குழுவினர் தாவரத்தையும் கரிமச் சுழற்சியையும் காலநிலையோடு பிணைத்து ஓட்டிய ஆய்வில், 2100இல் உலகச் சராசரி வெப்பம் 5.5 பாகை உயரும் எனக் கண்டனர். இப்பிணைப்பு இல்லாதபோது அவ்வுயர்வு 4 பாகையே. பின்வந்த மாதிரிகள் அனைத்தும் இதே அளவைத் தரவில்லை. அமேசான் காடு வாடும் என்னும் முடிவிலும் அவை தம்முள் வேறுபடுகின்றன. எனினும் நிலத்தின் உயிர்ப்போர்வையை விலக்கி எதிர்காலக் காலநிலையைக் கணித்தல் இயலாது என்பது உறுதியாயிற்று.

கட்டத்துக்குள் அடங்காத ஊர்

இனி ஹுத்தான் மெலிந்தாங்கிற்குத் திரும்புவோம். 1980களின் காடழிவு ஆய்வுகளில் கையாளப்பட்ட மாதிரியொன்றின் கட்டம் அகலாங்கில் 4.5 பாகையும் நெட்டாங்கில் 7.5 பாகையும் கொண்டது. அதாவது ஏறத்தாழ 500 கிலோமீட்டருக்கு 830 கிலோமீட்டர். தீபகற்ப மலேசியா முழுவதையும் அத்தகைய ஓரிரு கட்டங்களில் அடக்கிவிடலாம்; அதிலும் கடலே மிகுதி. தென்கிழக்காசியாவிற்கான முடிவுகள் அமேசானின் முடிவுகளைப்போல் தெளிவாக அமையாமைக்கு, சூழ்ந்துள்ள வெதுவெதுப்பான கடலே மழைக்குரிய ஈரத்தை மிகுதியாக வழங்குகின்றது என்பது ஒரு காரணம். நம் நிலம் கணக்கில் சிறுத்துப் போனமையும் கருதத்தக்கது.

அதனினும் முதன்மையானது, ‘காடு’ அல்லது ‘புல்’ என்னும் இருமைக்குள் தோட்டம் அடங்காமையாகும். இரப்பர் ஆண்டுக்கொருமுறை இலையுதிர்ப்பது. செம்பனை என்றும் பசுமையானது; ஆயினும் ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு ஒருமுறை சாய்க்கப்பட்டு நிலம் வெட்டவெளியாவது. சுமத்திராவின் ஜாம்பியில் நிகழ்ந்த அளவீடுகளின்படி, ஓராண்டு இளஞ்செம்பனைத் தோட்டம் ஆண்டுக்குச் சுமார் 900 மில்லிமீட்டர் நீரையும், 12 ஆண்டு முதிர்ந்த தோட்டம் சுமார் 1,200 மில்லிமீட்டர் நீரையும் ஆவியாக வெளியிடுகின்றன. அதே மாநிலத்தில் 2017இல் வெளியான மற்றோர் ஆய்வு, மரம் அகற்றப்பட்ட நிலத்தின் மேற்பரப்பு காட்டைவிட 10 பாகை வரை வெம்மையுறுவதைக் காட்டிற்று. முதிர்ந்த செம்பனைக்கும் காட்டிற்கும் இடைப்பட்ட வேறுபாடோ ஒரு பாகைக்கும் குறைவே. ஆகவே தோட்டத்தின் பெயரைவிட அதன் வயதே காலநிலைக்கு மிகுதியாக வேண்டப்படுகின்றது. செம்பனைக்குரிய தனித் தாவர வகை, உலகளவில் பயன்படும் நிலமாதிரியொன்றில் 2015இல்தான் ஜாம்பித் தரவுகளைக் கொண்டு அமைக்கப்பட்டது.

மண்ணும் கணக்கிற்குரியது. நீர் தேங்கியிருக்கும்வரை பீட் மண் பல்லாயிரம் ஆண்டுத் தாவர எச்சத்தைக் காத்து வைக்கின்றது. வாய்க்கால் வெட்டி நீரை வடித்தால் அது காற்றுப்பட்டு மட்கிக் கரியமிலவாயுவாகின்றது, நிலமும் தாழ்கின்றது. மேற்கு ஜொகூரில் வடிக்கப்பட்ட இத்தகைய நிலம், தொடக்க வேகம் தணிந்த பின்னும் ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் தாழ்ந்ததாக அளவிடப்பட்டுள்ளது. 1997இல் இந்தோனேசியாவில் எரிந்த காடும் பீட் நிலமும் 81 கோடி முதல் 257 கோடி டன் வரை கரிமத்தை வெளியிட்டிருக்கும் என 2002இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. பெர்னாம் ஆற்றின் தென்பால், வட சிலாங்கூரில், 70,000 ஹெக்டருக்கு மேற்பட்ட பீட் சதுப்புக்காடு இன்றும் எஞ்சியுள்ளது. ஆற்றின் இரு கரைகளையும் ஒருசேர நோக்குவார்க்கு, இழந்ததும் எஞ்சியதும் ஒருங்கே புலப்படும்.

தோட்ட ஆவணங்களின் இடம்

கடந்த கால நிலப்பயனை மாதிரிகளுக்கு ஊட்ட, உலக நிலப்பயன் மீட்டுருவாக்கங்கள் பயன்படுகின்றன. இவற்றுள் பரவலாக வழங்கும் ஒன்று கி.பி. 850 முதல் கால் பாகைக் கட்டங்களில், அதாவது ஏறத்தாழ 28 கிலோமீட்டர் அளவில், நிலப்பயனைத் தருகின்றது. மக்கள்தொகையும் நாட்டளவிலான வேளாண் புள்ளிவிவரமும் அதன் அடிப்படைகளுள் அடங்கும். ஒரு வட்டாரத்தில் எந்த ஆண்டு எந்தக் காடு வெட்டப்பட்டது, எப்போது இரப்பர் சாய்க்கப்பட்டுச் செம்பனை நடப்பட்டது, வாய்க்கால் எவ்வளவு ஆழம் என்பன அத்தகைய அளவில் தெரிய வாரா.

அவை தெரியும் இடங்கள் வேறு. தோட்ட வரைபடங்கள், நடவுப் பதிவுகள், நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள், கிராணிமார் நாள்தோறும் எழுதிய மழைக்குறிப்புகள், செக்ரோல் எனப்பட்ட கூலிப்பதிவேடுகள் ஆகியவை நிலத்தின் வரலாற்றை ஆண்டுவாரியாகக் காட்டவல்லன. மழைநாளில் சீவு நின்றதனைக் கூலிப்பதிவேடு காட்டும். மழைமானி காட்டாத நேரத்தையும் அது காட்டக்கூடும். இவற்றோடு, காட்டை வெட்டியவர்களின் வழித்தோன்றல்கள் நினைவில் வைத்துள்ள செய்திகளும் உள. தோட்டங்கள் துண்டாடப்பட்டபோதும், இரப்பர் செம்பனையாக மாறியபோதும், லயங்கள் காலியாகிக் குடும்பங்கள் நகர்ப்புறம் பெயர்ந்தபோதும் இப்பதிவுகள் சிதறின. தோட்ட அலுவலகம் இடிக்கப்படும்போது பழைய பதிவேடு குப்பையாகக் கருதப்படுவது இயல்பாகிவிட்டது.

இங்குதான் தமிழாய்வுக்குரிய பணி தெளிவாகின்றது. தோட்டப்புற வரலாற்றைத் துன்ப வரலாறாகவும் உழைப்பு வரலாறாகவும் எழுதியுள்ளோம், அது வேண்டியதே. அதனை நிலத்தின், நீரின், காற்றின் வரலாறாகவும் எழுதுதல் வேண்டும். வாய்மொழி வரலாறு திரட்டும் மாணவர், கூலி எவ்வளவு, கங்காணி எப்படி என்று வினவுவதோடு, காடு எந்த ஆண்டு விழுந்தது, வாய்க்கால் எந்தப் பக்கம் வெட்டப்பட்டது, வெள்ளம் எங்கு நின்றது, நிலம் எவ்வளவு தாழ்ந்தது என்றும் வினவலாம். தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் இதற்கு நல்ல மையங்களாகும். ஓர் ஊரின் நடவு ஆண்டுகளைத் தொகுப்பது சிறு பணிபோல் தோன்றினும், தாவரத்தின் வயதைக் கேட்டு நிற்கும் மாதிரிக்கு அதுவே வேண்டிய விடையாகும்.

முடிவுரை

காடு மழையைத் தருகின்றதா என 1848இல் பினாங்கில் எழுந்த வினா, வாளியாகவும் இலைத்துளையாகவும் உயிருள்ள காடாகவும் படிப்படியாகக் கணக்கிற்குள் வந்தது. ஒவ்வொரு படியிலும் முன்பு விடுபட்ட ஒன்று சேர்க்கப்பட்டது. இன்னும் முழுமையாகச் சேராதது, தாவரத்தை மாற்றிய மனிதரின் வரலாறு. மாதிரியில் அது நிலப்பயன் விழுக்காடு என்னும் ஓர் எண்ணாக மட்டுமே நிற்கின்றது. அவ்வெண்ணுக்குப் பின்னால் பெர்னாம் சதுப்பில் இடுப்பளவு சேற்றில் நின்று வாய்க்கால் வெட்டியவர்கள் உள்ளனர். அவர்கள் மாற்றிய நிலத்தின் கணக்கு இன்று உலகக் காலநிலைக் கணக்கின் ஒரு பகுதியாகும். அக்கணக்கைச் சரியாக எழுத வேண்டிய ஆவணங்கள் நம்மவர் வீடுகளிலும் பழைய தோட்ட அலுவலகங்களிலும் எஞ்சியுள்ளவரை, அவற்றைத் திரட்டிக் காத்தல் நம் துறையின் கடமையாகும்.